ஹெலிகாப்டரின் தலையாட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் கையை ஊன்றி நின்று நான் ஒரு சபதம் செய்தேன்.

“இந்த ஹெலிகாப்டரோட தலையில ஒரு இம்மி ஆட்டம் இருக்கிற வரைக்கும் இது தரையை விட்டுக் கிளம்பாது.”

“சரிங்க” என்றாள் மனைவி.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் வெறும் ‘சரிங்க’வோடு நிறுத்திக்கொண்டது அதற்கு முன் மூன்றே தடவை. மூன்று தடவையும் கடைசியில் ஆடிப்போனது நான்தான். அன்றைக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஹெலிகாப்டர் என்றதும் நான் ஏறிப் போகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். என் கை நீளம்கூட இருக்காது. கீழே நின்று ரிமோட்டில் ஓட்டுவது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு எனக்கு நானே வாங்கிக் கொடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில் இரண்டே தடவை பறக்கவிட்டேன். இரண்டாவது தடவை மேலே போய் நடுங்கியது, சாய்ந்தது, நேராக மாடிவீட்டுக்காரரைக் குறிவைத்து இறங்கியது. முப்பது வருடம் ரயில் ஓட்டி ரிட்டையரானவர் அவர். எதற்கும் அசையாத மனிதர் பெஞ்சுக்கு அடியில் பாய்ந்தார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆகிவிட்டது. ரிமோட்டைத் தொடவே பயமாக இருந்தது. அதை வெளியே சொல்ல முடியுமா? தலையில் ஆட்டம் என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை. இரண்டு இறக்கைகளும் வந்து சேர்கிற உச்சிப் பாகத்துக்குத் தலை என்றுதான் பெயர். ஓர் இறக்கையின் நுனியைத் தூக்கி மற்றதை அழுத்தினால் அரை மில்லிமீட்டர் ஆடத்தான் செய்தது. கடைத் தராசுகளைச் சோதிக்கும் ஆய்வாளன் நான். ஊரையே சந்தேகப்படுவது என் உத்தியோகம். அரை மில்லி எனக்குப் பெரிய விஷயம்.

நான்கு வாரத்தில் எங்கள் மாடல் விமானக் கிளப்பின் விழா. பறக்கவிடுகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்திருந்தேன். ஏற்கெனவே இரண்டு வருடம் கடைசி நேரத்தில் நழுவியவன். இந்த முறையும் நழுவினால் பெயரை அடித்துவிடுவார்கள். அதைவிட, நான் பயந்தாங்கொள்ளி என்பது வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

சபதப்படி அன்றைக்கே உட்கார்ந்து நான்கு மணி நேரம் இறுக்கினேன். மெல்லிய வாஷர் போட்டேன், திருகாணிக்குப் பசை வைத்தேன். ஆட்டம் போயே போய்விட்டது. அடுத்த ஞாயிறு பார்த்தால் அரை மில்லி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

“இன்னும் ஆடுதா?” என்றாள் அவள்.

“போன வாரம் கல்லு மாதிரி இறுக்கினேன். இப்ப நீயே பிடிச்சுப் பாரு.”

பிடித்துப் பார்த்தாள். குழந்தைகள் வார்டில் நர்ஸ் அவள். கண்ணுக்கே தெரியாத நரம்பை விரலால் தேடி எடுக்கிற கை.

“ஆமா. காத்து வேகமா அடிச்சா இடது பக்கம் இழுக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தா அப்படித்தான் தோணுது.”

“சரி, அடியில புல்லு எப்படி வந்துச்சு?”

“உங்க செருப்புல ஒட்டி வந்திருக்கும்.”

“மேசைமேல யாரு செருப்போட ஏறினா?”

“நீங்கதான். பல்பு மாத்த.”

ஏறியது உண்மைதான். என் தொப்பியின் பட்டை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிப் போடப்பட்டிருந்ததையும் அந்த வாரம்தான் கவனித்தேன். துவைத்ததில் சுருங்கியிருக்கும் என்றாள். அதையும் நம்பினேன்.

மூன்றாவது ஞாயிறும் ஆட்டம். இப்போது எனக்குத் துறைரீதியான சந்தேகம் பிறந்தது. யாரோ திருகாணியைக் கழற்றுகிறார்கள். மாடிவீட்டுக்காரரை நினைத்தேன். பெஞ்சுக்கு அடியில் பாய்ந்த அவமானம் சும்மா விடுமா? அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். என் மனைவியை அவர் தங்கச்சி என்பார். அந்த வகையில் எனக்கு மச்சான்.

“நல்ல மிஷின் மாப்ளே. நின்ன இடத்துல அசையாம நிக்குது.”

“மேசைமேலதானே நிக்குது. ஏன் அசையப்போகுது?”

“அதைத்தான் சொல்றேன்” என்றவர், படியேறிப் போய்விட்டார்.

அன்றே திருகாணிகளுக்கு முத்திரை வைக்க முடிவு செய்தேன். திருகாணியின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டால், யார் திருகினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

“உன் நகப்பூச்சு எங்கே?”

“எதுக்குங்க?”

“திருடனைப் பிடிக்க.”

“சிவப்பை எடுக்காதீங்க. ரோஸ் கலர் இருக்கு, அதை எடுத்துக்கங்க” என்றாள். தானே கொண்டுவந்து மூடியையும் திறந்து கொடுத்தாள்.

நான்காவது ஞாயிறு, எட்டுக் கோடும் உடையாமல் இருந்தன. ஆட்டம் மட்டும் இருந்தது. முத்திரை உடையாத தராசு யோக்கியமானது என்பது எங்கள் துறையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலேயே இருபத்தேழு வருடம் ஓட்டியவன் நான். அன்று முழுக்க மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, தலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு பொம்மை விமானக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைப் பிரித்து, உள்ளேயிருந்து இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் நைந்திருந்தது.

“திருகாணியைப் பாத்து என்ன சார் பிரயோஜனம்? ஆட்டம் இங்க இருக்கு.”

“சும்மா நிக்கிற மிஷின்ல ரப்பர் எப்படித் தேயும்?”

“சும்மா நின்னா தேயாது சார். பறந்தாத்தான் தேயும்.”

புது வளையம் இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பழையதையே உள்ளே வைத்துத் தலையை மாட்டினேன். திருடன் சந்தேகப்படக் கூடாது. மறுநாள் ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு, பதினொரு மணிக்குப் பூனை நடையில் வீட்டுக்குள் நுழைந்தேன். மேசை காலி. பின்பக்கமிருந்து வண்டு இரைகிற மாதிரி ஒரு சத்தம். மாடிவீட்டுக்காரர் கையும் களவுமாக அகப்பட்டார் என்று சமையலறை ஜன்னலுக்கு ஓடினேன்.

மாடிவீட்டுக்காரர் பெஞ்சின்மேல் சாவதானமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டர் மைதானத்துக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, அசையாமல் நின்றது. ரிமோட் என் மனைவி கையில் இருந்தது. புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. தலையில் என் தொப்பி.

நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் அதை ஒரு வட்டம் போகவிட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதத்தில் புல்மேல் இறக்கினாள். பிறகு தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். விடை தெரியவில்லை. பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. ஓசைப்படாமல் ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன்.

ஆனாலும் நான் ஆய்வாளன். அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்க ஒரு திட்டம் போட்டேன். சனிக்கிழமை புது வளையங்களை மாட்டினேன். ஞாயிறு காலை, அதாவது விழா நாளன்று, அறிவித்தேன்.

“ஆட்டம் முழுசா போயிடுச்சு. இனிமே இது பீரோவுக்குள்ள. சாவி என்கிட்ட. யாரும் தொடக் கூடாது.”

“சந்தோஷம். பீரோவுக்கு நாளைக்குப் போகட்டும். இன்னைக்கு விழா, சட்டையை மாத்துங்க.”

நான் இதை யோசித்திருக்கவில்லை.

“இல்ல... இடது பக்கம் லேசா ஒரு இது...”

அவள் இரண்டு நுனியையும் பிடித்துப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லையே. புதன்கிழமை இதைவிட ஆடுச்சு. அப்பவே நல்லாத்தானே பறந்துச்சு? நீங்களும் ஜன்னல்ல நின்னு பாத்தீங்களே.”

“என்னைப் பாத்தியா?”

“உங்க வழுக்கை வெயில்ல மின்னுச்சு. தொப்பி என்கிட்டல்ல இருந்துச்சு.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

“எப்ப கத்துக்கிட்ட?”

“நீங்க கம்ப்யூட்டர்ல ஒரு பழகுற கேம் வாங்கிப் போட்டீங்களே, அதுல. நீங்கதான் அதைத் திறக்கவே இல்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது? நீங்க பயந்து போயிருக்கீங்கன்னா? அதைச் சொன்னா இறுக்குறதையும் விட்டுடுவீங்க. நாலு வாரமா எவ்வளவு அழகா இறுக்கியிருக்கீங்க. அதை நம்பித்தான் நான் பறக்கவிட்டேன்.”

ஒரு இம்மியும் ஆடாமல் இருப்பதற்காகவே நான் பூட்டி வைக்கப் பார்த்த ஒன்றை, அவள் வாராவாரம் ஆகாயத்துக்குக் கொண்டுபோய் ஆட்டத்தோடு திருப்பிக் கொடுத்திருக்கிறாள். நான்கு வாரத்தில் அந்த வீட்டில் நிஜமாகவே பறந்தவள் அவள் ஒருத்திதான்.

“பட்டியல்ல என் பேரு இருக்கே” என்றேன், மெதுவாக.

“போன மாசமே மாத்திட்டேன். இப்ப என் பேரு இருக்கு. கவலைப்படாதீங்க, உதவியாளர்னு உங்க பேரும் போட்டிருக்கு.”

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மைதானம் நிறையக் கூட்டம். மாடிவீட்டுக்காரர் முதல் வரிசையில் இருந்தார். அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு நடுவே போனவள், ஏதோ நினைத்துத் திரும்பி என்னிடம் வந்தாள். தொழில்நுட்பமாக ஏதாவது கேட்பாள் என்று நிமிர்ந்து நின்றேன்.

“காத்துல பறந்துடும், பத்திரமா வச்சுக்கங்க” என்று தன் தலையிலிருந்த என் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

போட்டுப் பார்த்தேன். பட்டை எனக்கு எட்டவில்லை.