பால் பல் விழாத பன்றி

ஒரு காட்டில், சிங்கம் ஓய்வு பெற்று, யானையின் தலைமையில் பேரவை ஏற்பட்டிருந்த காலம். நெடுமூச்சன் என்ற ஆமை அங்கே வரி குமாஸ்தா. கிடைக்கும் இரையில் பத்தில் ஒரு பங்கை எல்லோரும் பொதுக் களஞ்சியத்துக்கு வரியாகக் கொடுக்க வேண்டும். பால் பல் விழாத குட்டிகளுக்கு மட்டும் விலக்கு.

கூர்ங்கோடன் என்ற காட்டுப்பன்றி மண்ணைக் கிளறி முதன்முதலில் எண்ணெய் எடுத்தபோது, “இது பச்சைக்குழந்தைத் தொழில்” என்று பேரவை மனமிரங்கி அதற்கும் அதே விலக்கை அளித்தது. தொழிலுக்குப் பல் ஏது? ஆகவே ஆண்டுதோறும் பன்றியின் வாயைத் திறந்து பார்ப்பது மரபாயிற்று. அதன் கோரைப்பற்கள் விழவில்லை; கண்வரை வளர்ந்துவிட்டிருந்தன. “விழவில்லை” என்று ஆமையும் பதினெட்டு ஆண்டுகளாகப் படிவத்தில் எழுதிவந்தது.

அந்த ஆண்டு ஆமையின் குளம் தூர்ந்துபோயிற்று. கோடைக்குள் தூர் வாராவிட்டால் குடும்பத்தோடு வெளியேற வேண்டியதுதான். தூர் வாரும் கரடிகளுக்குக் கூலியாகக் கொடுக்கக் களஞ்சியத்தில் தேவையானதில் பாதிக் கிழங்குதான் இருந்தது. ஆமை பேரவையில் எழுந்தது.

“தலைவரே, குளத்துல முழங்கால் அளவு தண்ணிகூட இல்ல. அதுவும் என் முழங்கால். பன்றி வரி கட்டினா மீதிக் கூலி கிடைச்சிடும்.”

“குழந்தைகிட்ட வரி கேக்குறீங்களே, அடுக்குமா?” என்று பன்றி திரும்பியதில் பல் பட்டு ஒலிபெருக்கி சாய்ந்தது.

தவறாமல் வரி கட்டும் மான் ஒன்று பதறியது. “நாளைக்கு நானே எண்ணெய் தோண்டினா?”

“எதை வச்சுத் தோண்டுவே? குளம்பை வச்சா?” என்றது ஆமை.

“ஆசைக்குமா வரி போடுறீங்க, அண்ணே?”

ஆனாலும் யானை நியாயஸ்தர். “சலுகை ரத்து” என்று தும்பிக்கையால் மேசையைத் தட்டினார். ஆமை வாழ்நாளில் முதல்முறையாக ஓடியது, வீட்டுக்குச் செய்தி சொல்ல.

அது வாசலைத் தாண்டுமுன் பின்னால் விசும்பல் கேட்டது. “பதினெட்டு வருஷப் பழக்கம், தலைவரே. திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்குமா?”

பேரவையில் பலருக்குக் கண் கலங்கியது. ‘சலுகை இழந்தோர் நிவாரணம்’ அப்போதே நிறைவேறி, களஞ்சியத்திலிருந்த கிழங்கு முழுவதும் பன்றியின் வீட்டுக்குப் போயிற்று. அதில் பத்தில் ஒரு பங்கைப் பன்றி வரியாகக் கட்டியது. நேர்மையான குடிமகன் என்று மாலையும் போட்டார்கள்.

சித்திரையில் குளம் வற்றியது. ஆமை நிவாரணம் கேட்டு வரிசையில் நின்றது.

“இதுவரை பெற்ற சலுகை?” என்று கேட்டது ஜன்னலுக்குள் இருந்த குரங்கு.

“ஒண்ணும் இல்லப்பா.”

“அப்ப நீங்க எதையும் இழக்கலையே, பெரியவரே! நகருங்க, அடுத்து யாரு?”

ஆமை குடும்பத்தோடு பக்கத்துக் காட்டுக்குக் கிளம்பியது. எல்லையில், வழிக்கென்று கட்டி எடுத்துவந்த சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டார்கள்.

நீதி: பின்னால் இழப்பீடு பெற விரும்புவோர், இளமையிலேயே இனாம் வாங்கிப் பழக வேண்டும்.