பெரிய கங்காணி கழுவி வைத்த பாத்தி

சுத்தம் என்ற பெயரில் இந்த உலகத்தில் நடக்கிற அநியாயத்துக்கு அளவே இல்லை. என்னைப் படுக்கையில் தள்ளியது அழுக்கு என்றுதான் ஊர் சொல்லும். இல்லை ஐயா, சுத்தம்! நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கம்பவுண்டர். (மருந்து கலக்குகிறவன்தான். மூளை இருந்ததோ இல்லையோ, கழுத்தில் டை இருந்தது.) தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளை லயம் என்பார்கள். மேட்டு லயத்துக் கக்கூஸ் தண்ணீர் நேராக ஓடையில் விழும். அதே ஓடையில்தான் கீழ் லயத்தார் குடத்தை முக்குவார்கள். மழை பிடித்தால் போதும், அங்குள்ள பிள்ளைகள் இரத்தபேதியோடு என்னிடம் வரும். சில பிள்ளைகள் பிழைக்காது. அமீபா என்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் வேலை அது. பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும் தாய்மார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்றேன். கக்கூஸ் தண்ணீரை ஒரு தொட்டியில் தேங்கவிட்டு, பிறகு கல்லும் மணலும் போட்ட பாத்தி வழியாக மெல்லக் கசியவிட்டால் பூச்சி அங்கேயே தங்கிவிடும் என்றேன். முதலில் டிஸ்பென்சரிக் கக்கூஸுக்குச் சின்னதாக ஒன்று கட்டிக் காட்டு, சரிவந்தால் மேட்டு லயத்துக்குப் பெரிதாகக் கட்டலாம் என்றார். அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். "வடிகிற தண்ணீரை மனிதனே குடிக்கலாம், சார்!" என்று இங்கிலீஷில் வேறு அளந்துவிட்டு வந்தேன்.

பாத்தி கட்டியாயிற்று. நாளாக நாளாக மணல்மேல் கறுப்பாக, வழுவழுவென்று ஒரு படலம் படிந்தது. பார்க்க அருவருப்புத்தான். ஆனால் பூச்சியைப் பிடித்து நிறுத்துவதே அந்தப் படலமும் மணலும்தான். ஆஸ்பத்திரி டாக்டர் வடிந்த தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பூச்சி இல்லை என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தும் அதே பேச்சு. "சாப்பிடுற நேரத்துல கக்கூஸ் கதையாங்க?" என்று என் மனைவி ரோசம்மாள் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

துரை பார்வையிட வரும் காலையில் டையை இறுக்கிக்கொண்டு பாத்தியடிக்குப் போனேன். ஐயோ! அங்கே ஆட்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. துரை வருகிறார் என்றால் கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்துவிடுவார்கள். என் பாத்தி மட்டும் தப்புமா? சுவரெல்லாம் சுண்ணாம்பு. கற்களைத் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்து, பெரட்டில் ஆட்கள் நிற்பதுபோல வரிசையாக அடுக்கியிருந்தார். மணலையே காணோம்.

"மணலு எங்கய்யா?"

"அந்தக் கருமத்த அள்ளிப் பள்ளத்துல கொட்டியாச்சுங்க. தொர வர்ற எடம், பாசியும் சேறுமா கெடந்தா மருவாதியா இருக்குமா? பளிச்சுனு தெரியட்டும்னு ஓடத் தண்ணியும் நாலு கொடம் ஊத்தச் சொன்னேன்."

"என் தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே!"

"இல்லைங்க, எல்லாத்தையும் பள்ளத்துலதான் போட்டோம்."

துரை வந்தார். அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் கண்டதே இல்லை. "ரொம்ப சுத்தம், கங்காணி!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொன்னான், மனுசன் குடிக்கும். இப்ப நீ குடி" என்றார். (துரைமார் படித்த தமிழில் 'நீங்கள்' என்ற சொல்லே கிடையாது. படித்திருந்தால் வாய் வெந்துவிடுமோ என்னவோ.)

"சார், மணலை எடுத்துவிட்டார்கள். இப்போது இது வேலை செய்யாது."

"வேல செய்யாது? அப்ப பெரிசு வேணாம்." குதிரைப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்.

அவ்வளவுதானா? இனியும் கீழ் லயத்துப் பிள்ளைகள் அந்த ஓடைத் தண்ணீரையே குடித்துச் சாக வேண்டுமா? துரைமேல், கங்காணிமேல், என் பாழும் வாயின்மேல் எல்லாம் சேர்ந்து கோபம் தலைக்கேறியது. பாத்தியில் வடிந்த தண்ணீரைக் கிளாஸில் பிடித்து மடக் மடக்கென்று குடித்துவிட்டேன். கங்காணி கைதட்டினார். துரை, "பாக்கலாம்" என்று குதிரை ஏறினார்.

பிறகென்ன, பார்த்தோம். கொஞ்ச நாளில் நான் கக்கூஸிலேயே குடியிருந்தேன். எத்தனையோ பேருக்கு நான் போட்ட எமட்டீன் ஊசியை எனக்கே போட்டார்கள். அவர்கள் ஏன் அப்படி அலறினார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. துரையோ, "பாத்தி சுத்தப் பொய்" என்று சொல்லிவிட்டாராம்! ஆஸ்பத்திரி டாக்டர் விடவில்லை. நேரே பங்களாவுக்குப் போய், "மணல் இருந்தவரை தண்ணீரில் பூச்சி இல்லை. மணலை எடுத்தீர்கள், பூச்சி இந்த மனுஷன் வயிற்றில் இருக்கிறது. வேறென்ன சாட்சி வேண்டும்?" என்று சண்டை பிடித்திருக்கிறார். துரை கடைசியில் இறங்கிவந்தார்.

மேட்டு லயத்துக்குப் பெரிய பாத்தி வந்தது. திறப்புவிழாவில் மாலை யார் கழுத்துக்கு? பெரிய கங்காணி கழுத்துக்கு! கட்டியது அவருடைய ஆட்களாம். எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். வயிற்றுக்கு நல்லதாம்!

அடுத்த மழைக்குக் கீழ் லயத்திலிருந்து ஒரு பிள்ளைகூட இரத்தபேதியோடு வரவில்லை. இதைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைப்பட எனக்கு உரிமை இல்லையா? ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் வாயைத் திறந்தால் போதும், தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே ரோசம்மாள் முந்திக்கொள்வாள். இப்போது பேரப்பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து ஒப்பிக்கிறார்கள்:

"கீழ் லயத்துப் புள்ளைகளுக்கு வர வேண்டிய பேதி பூராவையும் எங்க வீட்டுக்காரரு ஒத்த ஆளா இருந்து போயி முடிச்சிட்டாருங்க!"