கற்பூரம் அணைத்தவர்களும் கண்ணாயியின் ஓட்டும்

அரியூர் நாடு,
கொல்லிமலை, 1936.

சேந்தமங்கலத்தில் மிளகு மண்டி வைத்து நல்ல பெயரோடு விளங்கும் மச்சான் காளியண்ணன் அவர்களுக்கு, தங்கை புருஷன் சென்றாயன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நானும் மாடு கன்றுகளும் சுகம். உங்கள் தங்கை கண்ணாயியும் சுகமே. ஆனால் என்னோடு பேசுவதில்லை. நானும் பேசுவதில்லை. நிற்க.

இதைக் கண்டதும் நீங்கள் மலையேறி வந்து அவளிடம் நியாயம் கேட்க வேண்டும். செய்ததை ஒப்புக்கொள்ளாவிட்டால் கையோடு கீழே அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். இதில் நான் ஒரு அடி பின்வாங்க மாட்டேன்.

நான் ஜில்லா போர்டு எலெக்‌ஷனுக்கு நின்றது தெரியுமல்லவா? ஜில்லா போர்டில் நம்ம மெம்பர் கை தூக்கினா ரோடு வரும். சென்னைச் சட்டசபையில கை தூக்கினா சட்டம் வரும். டெல்லியில எத்தனை கை தூக்கினாலும் வைசிராய் தலையாட்டினாத்தான் உண்டு. சட்டம் யாருக்கு வேணுமுங்க? சோளக்காட்டுச் சந்தையில இருந்து அடிவாரத்துக்கு மிளகு மூட்டையைத் தலையில சுமந்து சுமந்து நம்ம சனத்துக்குக் கழுத்தே இல்லாமப் போச்சு. ஒரு ரோடு வாங்கிக் குடுத்துட்டுத்தான் ஓய்வேன்னு நின்னேன். எதுத்து நின்னது யாரு? உங்க சித்தப்பன் சின்னுசாமி! எனக்குப் பச்சைப் பெட்டி, அவருக்குச் சிவப்புப் பெட்டி. சீட்டை வாங்கிட்டு மறைப்புக்குள்ள போயி, பிடிச்ச ஆளு பெட்டியில போடணும். யாரு எதுல போட்டாங்கன்னு சாமிக்குத்தான் வெளிச்சம்.

வரி கட்டறவனுக்குத்தான் ஓட்டுங்கறதால, அத்தனை பேரையும் ஊட்டுக்குக் கூப்பிட்டு கறிச்சோறு போட்டு, அம்மன் முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் வாங்கினேன். மறுநாளே சித்தப்பனும் கறிச்சோறு போட்டு, அதே அம்மன் முன்னால, அதே ஆளுங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நம்ம நாட்டுலதான் மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ற வழக்கமே கெடையாதே! பெட்டியை ஒடைச்சா, அட கொடுமையே, ரெண்டு பெட்டியிலயும் கிழிஞ்ச சீட்டு. அத்தனை பேரும் சீட்டை ரெண்டாக் கிழிச்சு ஆளுக்குப் பாதியாப் போட்டிருக்காங்க! “ஏனுங்க, பலாப்பழத்தைப் பகிர்ந்து குடுக்கறதில்லையா? அம்மனுக்குப் பயந்தவங்க நாங்க”ன்னு கிழிச்சவங்கள்ல ஒருத்தன் அண்ணாமலை, ஆபீசருக்கே புத்தி சொல்றான். ஆபீசரு எல்லாத்தையும் செல்லாதுன்னு ஒதுக்கிட்டாரு.

முழுச்சீட்டு மூணே மூணு. கற்பூரம் அணைக்காத மூணு பேரோடது: நான், சித்தப்பன், அப்புறம் உங்கப்பா எழுதி வெச்ச மிளகுத் தோட்டத்தால ஓட்டு வாங்கின உங்க தங்கச்சி. பச்சையில ஒண்ணு, சிவப்புல ரெண்டு. சித்தப்பன் மெம்பரு!

இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பிஞ்சு மிளகையெல்லாம் பறிச்சுக் கொட்டிட்டேன்னு போன மாசம் பூரா என்னை வைஞ்சா. அந்தக் கோவத்தை ஓட்டுல காட்டிட்டா. கேட்டா, “என் கையால பச்சையிலதான் போட்டேன், நம்பாட்டிப் போங்க”ங்கறா. கட்டின பொண்டாட்டியே காலை வாரிவிட்டா நான் யாருகிட்ட போயி அழுவேன் மச்சான்? மனசு வெந்து கெடக்குது. நீங்க வர்ற வரைக்கும் அவ கையால பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன். இது உறுதி.

மண்டியும் மக்களும் மேன்மேலும் தழைக்க அறப்பளீசுவரரை வேண்டும்,
சென்றாயன்.

பின்குறிப்பு: காகிதத்தை மடிக்கும்போது கண்ணாயி வந்தா. ரெண்டு மிளகுச் சரத்தை முன்னால வெச்சு, “இதுல பழுத்துச் செவந்தது எது?”ன்னா. நான் ஒண்ணைத் தொட்டுக் காட்டினேன். அவ அப்படியே தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. “ஏனுங்க, அது பச்சைக் காயி. பெட்டியையும் இப்படித்தான் பாத்துப் போட்டீங்களா?”

மச்சான், எனக்கு விழுந்த ஒரே ஓட்டு உங்க தங்கச்சி போட்டது. சித்தப்பனை ஜெயிக்க வெச்சது நான். நீங்க வர வேண்டாம். அவ வெச்ச களியை இப்பத்தான் ரெண்டு உருண்டை தின்னேன். ரோட்டை மட்டும் நாங்க விடறதா இல்லீங்க. அடுத்த தடவை தானே நிக்கறாளாம். ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கா: நான் ஓட்டுப் போட வரக் கூடாது.