ராம் என்கிற ஆளைப் பற்றிக் கிளோறியா சித்திக்கு

கோல்டிங்,
செவ்வாய்க்கிழமை

என்றும் அன்புக்குரிய கிளோறியா சித்திக்கு,

உங்கள் பெறாமகள் யூலியானா பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். ஹ்விடோவ்ரேயில் நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன் என்று தொடங்கும்படி அம்மா சொன்னார், தொடங்கிவிட்டேன். ஆனால் சித்தி, சுகம் என்று எழுதியது உடம்பைப் பற்றி மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். போனில் நான் "சித்தி" என்று வாயெடுக்க முதலே நீங்கள் "ஓம் பிள்ளை, எனக்கு எல்லாம் தெரியும், வெக்கப்படாதை" என்று சொல்லி, நிறையக் கதைத்துவிட்டு வைத்துவிடுகிறீர்கள். வாய் திறந்து கதைக்க வராததால்தானே நான் கிம்னாசியப் படிப்பைப் பாதியில் விட்டேன். வகுப்பின் முன்னால் நின்று வாய்மொழிப் பரீட்சை சொல்ல வேண்டும் என்றாலே அன்றைக்கு வீட்டிலேயே நின்றுவிடுவேன். ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை விடவில்லை, எழுத வரும். ஆகவே எழுதுகிறேன். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிச்சத்தை வாசிக்காமல் நீங்கள் யாருக்காவது போன் எடுக்கப் போனாலும் இதையாவது வாசித்திருப்பீர்கள். ராம் மாப்பிள்ளை இல்லை. ராம் மனிதனே இல்லை. ராம் ஒரு பிக்கப் வாகனம். டீசலில் ஓடும், நாலு கதவு, பின்னால் திறந்த பெட்டி, அதற்குக் கீழே ட்ரெய்லர் கொழுவுகிற கொக்கி.

இப்போது தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாசியுங்கள்.

அப்பா சனி ஞாயிறில் கலியாண மேடை வாடகைக்குக் கொடுக்கிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். தூண்கள், வளைவுகள், பொண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற அந்தப் பெரிய அன்னப்பறவை எல்லாவற்றையும் ட்ரெய்லரில் ஏற்றி எங்கள் கிழட்டு வானில் கொழுவி இழுத்துக்கொண்டு திரிந்தோம். இளவேனிலில் உங்கள் பக்கத்துக் கலியாணத்துக்கு வந்தபோது ஸ்டோர்பெல்ட் பாலத்தின் ஏற்றத்தில் அந்த வான் கிளச் எரிந்து நின்றதும், காற்றுக்கு ட்ரெய்லரை மூடிய தறப்பாள் கிழிந்து அன்னத்தின் கழுத்து வெளியே ஆடியதும், பொலிஸ்காரர் வந்து உள்ளே உயிருள்ள பிராணி இருக்கிறதா என்று அப்பாவிடம் கேட்டதும், அங்கே பொண்ணைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தாலி கட்டியதும் நீங்கள் கண்டும் கேட்டும் அறிந்ததுதானே. அன்றைக்கு அப்பா சத்தியம் செய்தார், இனிப் பாரம் இழுக்கவென்றே செய்த ஆளைத்தான் வாங்குவேன் என்று. கவனியுங்கள் சித்தி, "ஆள்" என்றார். அப்பாவுக்கு எல்லாமே ஆள்தான். வான் ஒரு ஆள், ஐஸ்பெட்டி ஒரு ஆள், புல்லு வெட்டுகிற மெஷின் கோபக்கார ஆள். இவ்வளவு வினையும் அந்த ஒரு சொல்லால் வந்தது.

அப்பா எனக்கு ஒரு வாக்குத் தந்தார். "நீ ட்ரெய்லர் லைசென்ஸையும் எடுத்து, சரியான ஆளையும் தேடித் தந்தாய் எண்டா, ஓடுறது நீதான்" என்றார். எனக்கு வேண்டியது அந்த ட்ரைவர் வேலைதான். வாகனம் ஓடுகிறவளிடம் யாரும் கதை கேட்க வரமாட்டார்கள். ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது எல்லோரும் தாங்களாகவே தள்ளி நிற்பார்கள். லைசென்ஸை எடுத்துவிட்டேன். பிறகு பிக்கப் தேடினேன். அமெரிக்காவில் பாரம் இழுக்கவென்று செய்த பெரிய டீசல் பிக்கப்புகள் மூன்று இங்கே கைமாறி விற்பனைக்கு நின்றன. ஓடென்சவில் ஒரு போர்ட், ஓஹூஸில் ஒரு செவர்லே, விபோர்க்கில் ஒரு ராம். மூன்றும் எங்கள் வானையே ட்ரெய்லரில் வைத்து இழுக்கக்கூடியவை. ஆகவே எது கூட இழுக்கும் என்று பார்ப்பதில் பலனில்லை, என் லைசென்ஸுக்கு மூன்றரை தொன்னுக்கு மேல் ட்ரெய்லர் கொழுவவும் முடியாது. பாரத்தோடு சரிவில் இறங்கும்போது பிரேக்கைச் சுட வைக்காமல் எஞ்சினே பிடித்துக்கொள்ளுமா, ட்ரெய்லரின் பிரேக்கை உள்ளேயிருந்து கட்டுப்படுத்தலாமா, காற்றில் பின்பக்கம் ஆடாத நீளம் இருக்கிறதா, பதிவில் என்ன எடை போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓடென்சவில் நின்றது நல்ல வாகனம், ஆனால் லொறியாகப் பதிந்திருந்தார்கள், அதை ஓட என் லைசென்ஸ் காணாது. ஓஹூஸில் நின்றதற்குக் கொக்கியே போடவில்லை. விபோர்க்கில் நின்ற ராமுக்கு எல்லாம் சரி. குதிரைகளை ஏற்றி இழுக்க ஒரு டெனிஷ்காரப் பெண் வைத்திருந்தது.

இதை நான் அப்பாவுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீங்கள் அம்மாவுக்குப் போன் எடுத்திருக்கிறீர்கள். அம்மா போனை மேசையில் வைத்துவிட்டுச் சட்னி அடிக்கப் போய்விட்டார். மிக்ஸி சத்தத்தில் என்னுடைய குரல் உங்களுக்குக் கேட்டிருக்காது, என் குரல் எங்கேதான் கேட்கும். அப்பாவின் குரல் நல்லாகக் கேட்டிருக்கும்.

"ராம்தான் பிள்ளைக்குச் சரியான ஆள். நல்ல உடம்பு."

"குடிக்கும்தான், உழைக்கிற ஆள் குடிக்காமல் என்ன செய்யும்?"

"முதல் ஒரு டெனிஷ்காரியோட இருந்த ஆள். அவ இப்ப புதுசா வேற ஒராளைப் பிடிச்சிட்டா, இந்த ஆள் வேண்டாமாம். வடிவாத்தான் வச்சிருந்திருக்கிறா."

"ஒருக்கா நேர போய்க் குனிஞ்சு அடிப்பக்கம் பாத்திட்டு முடிவு சொல்லுவம்."

சித்தி, இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எப்படி ஒரு கேள்வியும் கேட்காமல் போனை வைத்தீர்கள்?

எனக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை தமிழ்க் கடைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால் மனோரஞ்சிதம் அன்ரி என்னைக் கட்டிப்பிடித்தார். "ராமைப் பற்றிக் கேள்விப்பட்டன் பிள்ளை!" அப்பா சொல்லியிருப்பார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

"எவ்வளவு உயரம்?"

"ரெண்டு மீட்டர், அன்ரி."

"அம்மாடி! நிறம்?"

"கறுப்பு."

"கறுப்பெண்டா என்ன, எங்கட ஆக்கள்தானே. இப்ப எங்க இருக்கிறார்?"

"விபோர்க்கில. குதிரைப் பட்டியில நிக்குது."

அன்ரி என் கன்னத்தைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒண்டுக்கும் யோசியாதை. நீங்கள் வேதம், அவர் சைவம், அதெல்லாம் இந்த நாட்டில பெரிய விசயமில்லை. நாங்கள் இருக்கிறம்." மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் நாங்கள் வாகனம் வாங்கச் சைவக்காரர் ஏன் இருக்க வேண்டும் என்று வீடு வரும் வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது, பூசை வைத்த சுவாமி அப்பாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். நான் கோப்பைகள் அடுக்கிக்கொண்டு நின்றேன், எல்லாம் கேட்டது.

"அந்தோனிமுத்து, ராம் ஞானஸ்நானம் எடுப்பாரோ?"

வாகன ஆசீர்வாதத்தைப் பற்றித்தான் சுவாமி கேட்கிறார் என்று அப்பா விளங்கிக்கொண்டார். நாங்கள் எந்த வாகனம் வாங்கினாலும் சுவாமியிடம் கொண்டுபோவோம்தானே. "பின்னை, சுவாமி! எடுத்த கையோட இஞ்சதான் கொண்டு வாறன். நீங்கள் தண்ணி தெளிச்சு விடுங்கோ."

"அவருக்கு அதில விருப்பமோ?"

"விருப்பமோ? நான் கொண்டு வந்து நிப்பாட்டினா நிக்கும். அசையாது."

சுவாமி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "வற்புறுத்தக் கூடாது, அந்தோனிமுத்து. உள்ளத்தில மாற்றம் வேணும்."

"உள்ளுக்கெல்லாம் பாத்தாச்சு, சுவாமி. ஒயில் மட்டும் மாத்தினாக் காணும்."

அந்த நேரம் அம்மா ஓடி வந்தார். மனோரஞ்சிதம் அன்ரி போன் எடுத்து என் கலியாணத்துக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார், "ஹ்விடோவ்ரேயில உங்கட தங்கச்சி கிளோறியா சேலையும் எடுத்திட்டாவாம், உங்களுக்குத்தான் இன்னும் சொல்லேல்லையோ?" என்று அம்மாவைக் கேட்டுமிருக்கிறார். தான் வாகனத்தைப் பற்றிச் சொன்னது ஊருக்குள் எப்படிப் போயிருக்கிறது என்று விளங்கியதும் அப்பாவின் முகம் கோப்பிக் கோப்பை மாதிரி வெளிறிவிட்டது. "குடிகாரனும் டெனிஷ்காரியோட இருந்தவனும் என்ர பிள்ளைக்கோ!" என்றார். பிறகுதான் எனக்கு உண்மையான அதிர்ச்சி வந்தது, சித்தி. அப்பா சொன்னார், "இனி அந்தப் பேர் எங்கட வாசல்ல நிக்கக்கூடாது. ராம் வேண்டாம். ஓடென்ச ஆளை எடுப்பம், ட்ரைவருக்கு டெனிஸ்ரனைப் பிடிப்பம்." டெனிஸ்ரன் அண்ணையிடம் லொறி லைசென்ஸ் இருக்கிறது. என்னுடைய இடம் போகிறது. வாகனத்தில் ஒரு பிழையும் இல்லை, பெயரில் மட்டும் பிழை.

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "அப்பா! எனக்கு ராம்தான் வேணும்! வேற ஆள் வேண்டாம்!" என்று கத்திவிட்டேன்.

மண்டபத்தில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோப்பி மெஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. பாட்டுக்குழு டானியல் அண்ணையின் வாயில் கேக் அப்படியே இருந்தது. வாழ்க்கையில் முதல்முறை பலர் முன்னால் சத்தமாகக் கதைத்தேன், கதைத்தது அந்த வசனம். அம்மா ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

ஆகவே சித்தி, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். நீங்கள் யார் யாருக்குச் சொன்னீர்களோ அவர்கள் எல்லோருக்கும் போன் எடுத்து, அது வாகனம் என்று சொல்லுங்கள். அப்பாவின் வெட்கம் தீர்ந்தால்தான் அவர் ராமை எடுப்பார். அந்தக் குதிரைக்காரப் பெண் சனிக்கிழமை வரைதான் வைத்திருப்பார். இன்னுமொன்று எழுதாமல் விட மனமில்லை. "பாவம், பள்ளிக்கூடமும் விட்ட பிள்ளை, இதுவே பெரிசு" என்று நீங்கள் யாருக்கோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ராம் கதையைவிட எனக்கு அதிர்ச்சி அதுதான். நான் பாவம் இல்லை, சித்தி. என்னால் அந்த ட்ரெய்லரை ஒரே தரத்தில் மண்டபக் கதவுக்கு நேரே பின்னால் எடுக்க முடியும்.

சித்தப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் நோவுக்கு அம்மா மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறார். மாதா உங்களைக் காப்பாராக, உங்கள் போனுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுப்பாராக.

இங்ஙனம்,
உங்கள் அன்புப் பெறாமகள்
யூலியானா

பி.கு: சித்தி, கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இரண்டு நாள் போய்விட்டது. மேலே எழுதியதில் ஒரு சொல்லும் யாருக்கும் சொல்ல வேண்டாம். அப்பா நேற்று என்னைக் கூட்டிக்கொண்டு விபோர்க் போய் ராமை எடுத்துவிட்டார். "அவ்வளவு சனத்துக்கு முன்னால கேட்ட பிள்ளைக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது" என்றார். திரும்பி நான்தான் ஓடி வந்தேன். அதோடு, ஏன் பள்ளிக்கூடம் விட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எல்லோரும் ராமைப் பற்றித்தான் கேட்கிறார்கள், அதற்கு எனக்குப் பதில் தெரியும். மனோரஞ்சிதம் அன்ரி தன் மகன் நிதுஷனின் கலியாணத்துக்கு எங்கள் மேடையைத்தான் சொல்லியிருக்கிறார். "ராமையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவேணும்" என்றார். "அவர் வராமல் மேடை வராது அன்ரி" என்று நானே வாய் திறந்து சொன்னேன். நீங்கள் எடுத்த சேலையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அன்றைக்குக் கட்டிக்கொண்டு வாருங்கள். ஆளைக் காட்டுகிறேன்.