பேட்டை வாடகை வண்டிகளும் தமாம் விசாவும்

பேட்டை, திருநெல்வேலி
14-7-1996

சவுதி தமாமில் வேலை பார்க்கும் மதிப்பிற்குரிய மச்சான் முகம்மது சுல்தான் அவர்களுக்கு, தங்கள் தங்கை மாப்பிள்ளை முகம்மது மைதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. தங்கள் தங்கை ஜமீலாவும் மகள் ஸமீஹாவும் நானும் ஆண்டவன் கிருபையால் சுகம். வண்டிகளும் சுகம். அந்தச் சுகத்தில்தான் சிக்கலே இருக்கிறது.

“வாடகை மோட்டார் சைக்கிள் தொழில் ஓடாவிட்டால் சீசன் முடிவதற்குள் சொல்லுங்கள், இங்கே விசா தயார்” என்று எழுதியிருந்தீர்கள். வண்டி பொறுக்கியதில் நான் தவறு செய்யவில்லை மச்சான். குற்றாலமும் பாபநாசமும் போகிறவர்கள் எடுப்பான பெரிய வண்டியைத்தான் கேட்பார்கள் என்று தெருவே சொன்னது. மெக்கானிக் பூதலிங்கம் மட்டும், “சின்ன வண்டியாப் பாத்து எடும் பாய். கொஞ்சமாக் குடிக்கும். விழுந்தா ஓட்டுதவனே தூக்கிருவான். பெரிய வண்டி விழுந்தா தூக்க நாலு பேரு வரணும், வந்தவன் சும்மா போவானா, யோசனை சொல்லுவான்” என்றார். அப்படியே பழைய நூறு சிசி வண்டிகளும் மொபெட்டுகளும் வாங்கினேன். தாங்குமா என்று பார்க்க முதலில் சொந்தக்காரர்களுக்கு இரவல் கொடுத்தேன். சாச்சா மகன் பிரியாணித் தேக்சாவைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனான். ஒரு மாமா ராதாபுரத்திலிருந்து கருப்பட்டி மூட்டையையும் அதன்மேல் மாமியையும் ஏற்றி வந்தார். மாமிக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு வாசலில் போர்டு மாட்டினேன். முன்பின் தெரியாதவன் கையில் சாவியை எப்படிக் கொடுப்பது? அதனால் வருகிறவரிடமெல்லாம், “நீங்க யாரு வீட்டுப் புள்ள?” என்று கேட்டேன். அந்தக் கேள்விதான் என் பிழைப்பைக் கெடுத்தது. மெட்ராஸிலிருந்து பையோடு வந்த ஒரு பையன், வாப்பாவுக்குக் கடையநல்லூர், உம்மாவுக்கு ஏர்வாடி என்றான். எந்தத் தெரு என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். அவனுடைய பெரியம்மா மகன் நம் சாச்சா வீட்டில்தான் பெண் எடுத்திருக்கிறார்! அப்புறம் எங்கே வாடகை? கறிச்சோறு போட்டு, பெட்ரோலும் ஊற்றி அனுப்பினேன். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஹரிநாராயணன் என்று ஒருவர் வந்தார். இவர் எப்படியும் உறவாக மாட்டார் என்று நிம்மதியாகக் கேட்டால், எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த சாருடைய மகன்! அவர் வாடகையை நீட்டினார், நான்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது அப்பளக் கட்டு கொண்டுவந்தார். பொரித்துச் சாப்பிட்டோம். ஒருவனிடம் எதையும் கேட்காமல் கொடுத்தும் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. பின்னாலேயே பஸ் ஏறி, சேரன்மகாதேவியில் அவன் டீ குடிக்கும்போது பிடித்து விசாரித்தேன். அவனும் சொந்தமாகிவிட்டான்.

மச்சான், போன தடவை நான் சவுதியிலிருந்து லீவில் ஊருக்கு வந்தபோது ஸமீஹா என்னைப் பார்த்து, “உம்மா, யாரோ வந்திருக்காங்க” என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்தவள். இப்போது மொபெட்டில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறாள். எனக்குத் திரும்பிப் போக மனமே இல்லை. ஆனால் மனிதர்களைப் பகைத்துக்கொண்டு தொழில் பண்ணவும் எனக்கு வராது. விசாவை அனுப்பிவிடுங்கள். வண்டிகளை விற்றுவிடுகிறேன்.

அங்கே வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் குறையாத பரக்கத்தும் தரட்டும். வஸ்ஸலாம்.

தங்கள் அன்புள்ள,
மு. மைதீன்

பின்குறிப்பு: அசர் தொழுதுவிட்டு வந்து இதை ஒட்டலாம் என்று போய்த் திரும்பினால், வாசலில் ஒரு வண்டியைக்கூடக் காணோம். களவு போய்விட்டது என்று கத்தினேன். ஜமீலா பைய வந்து, குற்றாலம் போகிற பெங்களூர்க்காரர்கள் எடுத்துப் போயிருப்பதாகச் சொல்லி, முழு வாடகையையும் என் கையில் வைத்தாள்.

“யாரு வீட்டுப் புள்ளைங்கன்னு கேட்டியா?”

“அது எதுக்கு? கம்பெனி அடையாள அட்டைய வாங்கி வச்சிருக்கேன்.”

மிச்சமிருந்த மொபெட்டை, பாளையங்கோட்டைக் கல்லூரியிலிருந்து வந்த தங்கள் மகன் ஜீஷான் கேட்டிருக்கிறான். அவனிடமும் வாடகை வாங்கிவிட்டாள்! “ஏட்டி, கூடப்பொறந்தவரு மவன்ட்டயுமா?” என்று பதறினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவன சும்மா விட்டா, ஒங்களையில்லா பிளேன் ஏத்தி விடணும்? போயி போயி வந்தது போதும். இனிமே சாவி எங்கிட்ட இருக்கட்டும். நீங்க புள்ளைய ஸ்கூல்ல கொண்டு விடுங்க” என்றாள்.

ஆகையால் விசாவை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஜீஷானுக்கு அடுத்த மாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம் கூடுதலாக அனுப்புங்கள். மொபெட் அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.