மந்தைத் தலைவியும் மாத்திரை அட்டையும்

இக்கதையை முதன்முதலில் சொன்னவர் மருந்துக்கடை அப்பாண்டைநாதன். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே சொன்னார்.

ஒரு காட்டில் காட்டெருமை மந்தை ஒன்று வாழ்ந்துவந்தது. அதன் தலைவி கருங்குவளை. தலைமைப் பதவியால் அதற்குக் கிடைத்த பயன் ஒன்றே ஒன்றுதான்: ஆற்றில் முதலில் இறங்கித் தெளிந்த நீரைக் குடிக்கலாம். பின்னால் வருபவை கலங்கிய நீரைத்தான் குடிக்கவேண்டும்.

அந்தப் பதவிக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. சில நாள்களாகக் கருங்குவளையின் இடக்கண் ஓரத்தில் நெளிந்து நெளிந்து ஓர் ஒளி மின்னியது. மின்னிய உடனே அது, "காட்டுத்தீ! ஓடுங்கள்!" என்று கத்திவிடும். மந்தை விழுந்தடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும். அக்கரையில் மூச்சிரைக்க நின்று திரும்பிப் பார்த்தால், காடு பச்சைப்பசேலென்று இருக்கும். கருங்குவளையின் மண்டைக்குள் ஒரு பக்கம் மட்டும் உலக்கை இடிக்கும்.

மந்தை கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. இன்னொரு முறை வீணாக ஓடவிட்டால், தலைமை அதன் நாத்தனார் செங்காந்தளுக்குப் போய்விடும்.

"எல்லாம் உங்கள் உடம்பு தேறவேண்டும் என்பதற்காகத்தான், அண்ணி," என்றது செங்காந்தள், தெளிந்த நீரைப் பார்த்தபடியே.

கருங்குவளை டோக்கன் வாங்கிக்கொண்டு தேவாங்கு மருத்துவரின் வரிசையில் நின்றது. தேவாங்கு எதையும் நிதானமாகவே செய்வார். அவர் ஒரு சீட்டு எழுதி முடிப்பதற்குள், காத்திருப்போரில் பாதிப் பேர் நோய் தானாகவே தீர்ந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர்.

"இது ஒற்றைத் தலைவலி," என்றார் தேவாங்கு. "அந்த ஒளி அதன் முன்னறிவிப்பு. இதய நோய், இரத்த அழுத்தம் உண்டா? வேறு தொந்தரவு ஏதாவது?"

"நாத்தனார் உண்டு, ஐயா."

"அதற்கு இன்னும் மருந்து வரவில்லை." அவர் எழுதத் தொடங்கினார். "ஒளி தெரியும்போது மாத்திரை விழுங்காதீர்கள். வலி தொடங்கியவுடன் ஒன்று விழுங்குங்கள். வலி நீங்கி மறுபடி வந்தால், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது. அடிக்கடி விழுங்கினால் மருந்தே தலைவலியைக் கொண்டுவரும். நீங்கள் அசைபோடும் இனம். விழுங்கியதே மீண்டும் வாய்க்கு வந்தால், அதை இரண்டாவது என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை வேறு எவருக்கும் கொடுக்கக்கூடாது; இதயக் கோளாறு உள்ளவருக்கு இது ஆபத்து."

அவர் சொல்லி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

கருங்குவளை மாத்திரை அட்டையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு திரும்பியது. அடுத்த முறை ஒளி மின்னியபோது வாயைத் திறக்கவில்லை. வலி தொடங்கியதும் ஒன்றை விழுங்கி மர நிழலில் படுத்தது. மாலையில் எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் புல் மேய்ந்தது. மந்தை வியந்தது. வியந்த மந்தை கொம்பையே பார்க்கத் தொடங்கியது.

"எனக்கு முழங்கால் வலிக்கிறது. ஒன்று கொடு, தாயே," என்றது கிழ எருது.

"உங்களுக்கு நாலடி நடந்தாலே நெஞ்சை அடைக்கிறதே, பெரியப்பா! இது உங்களுக்கு ஆகாது."

"என் வீட்டுக்காரருக்காவது ஒன்று கொடுங்கள்," என்றது செங்காந்தள். "இரண்டு நாளாகத் தும்முகிறார்."

"தும்மலுக்கும் இதற்கும் என்னடி தொடர்பு? அவர் இதயம் எப்படி இருக்கிறதென்று தெரியாமல் எப்படிக் கொடுப்பேன்?"

"உங்கள் இதயம் எப்படி இருக்கிறதென்று எங்களுக்குத் தெரிந்துபோயிற்று, அண்ணி."

ஒரு நாள் நண்பகலில் இடக்கண் ஓரத்தில் மீண்டும் ஒளி எழுந்தது. இம்முறை செக்கச்செவேலென்று இருந்தது. கருங்குவளை பதறவில்லை. நிழலில் படுத்து, வலிக்காகக் காத்திருந்தது.

"என்ன அண்ணி, ஒளியா?"

"ஒளிதான். வலி தொடங்கட்டும், விழுங்குகிறேன்."

வெகுநேரம் ஆகியும் தலை வலிக்கவில்லை. வால் சுட்டது.

கருங்குவளை துள்ளி எழுந்தது. "காட்டுத்தீ! உண்மையான காட்டுத்தீ! ஓடுங்கள்!"

மந்தை அசைபோட்டுக்கொண்டே இருந்தது.

"மாத்திரையைப் போடுங்கள், அண்ணி. சரியாகிவிடும்," என்றது செங்காந்தள்.

"எனக்கும் ஏதோ சிவப்பாகத் தெரிகிறதே?" என்று இருமியது கிழ எருது.

"அண்ணியின் நோய் முற்றிவிட்டது, பெரியப்பா. அதனால்தான் நமக்கும் தெரிகிறது."

கருங்குவளை கெஞ்சியது, முட்டியது, வாலைத் தூக்கிக் காட்டியது. ஒன்றும் அசையவில்லை. தீப்பொறி ஒன்று செங்காந்தளின் காதருகே பறந்தது; அது மின்மினி என்று செங்காந்தள் காதை ஆட்டியது. இனித் தாமதித்தால் மந்தையே சாம்பலாகிவிடும் என்று கண்ட கருங்குவளை, தன் வாழ்நாளின் முதல் பொய்யைச் சொன்னது.

"அக்கரையில் தேவாங்கு மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார்! இலவசம்! முந்துவோருக்கு இரண்டு!"

பூமி அதிர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் ஆற்றில் பாய்ந்தது, முழங்கால் வலிக்காரரான கிழ எருதுதான்.

கடைசிக் கன்றும் கரையேறியபோது, விட்டுவந்த காடு கொழுந்துவிட்டு எரிந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"மருத்துவர் எங்கே?" என்றது செங்காந்தள்.

"இங்கே மருத்துவரும் இல்லை, மாத்திரையும் இல்லை. அங்கே பாருங்கள், தீ! நீங்கள் உயிர் பிழைத்திருக்கிறீர்கள்!"

"உயிர் முன்பே எங்களிடம் இருந்ததுதானே, அண்ணி? மாத்திரை எங்கே?"

"ஏமாற்று!" என்றது மந்தை.

கிழ எருது மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சமாதானம் பேசியது. "கொம்பில் இருப்பதை ஆளுக்கொன்றாகக் கிள்ளிக் கொடுத்துவிடு, தாயே. பதவி உனக்கே இருக்கட்டும்."

கருங்குவளை தெளிந்த நீரைப் பார்த்தது. மேலும் கீழும் ஏறி இறங்கும் கிழவரின் மார்பைப் பார்த்தது.

"தரமாட்டேன்," என்றது.

தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. செங்காந்தள் முதலில் இறங்கி, வயிறு குளிரத் தெளிந்த நீரைக் குடித்தது. மந்தை முழுவதும் குடித்து ஓய்ந்த பிறகு, கருங்குவளை கடைசியாக இறங்கியது. அப்போதுதான் அதன் தலையின் ஒரு பக்கம் மெல்ல இடிக்கத் தொடங்கியது. மருத்துவர் சொன்னபடியே, வலி தொடங்கிய அந்த நொடியிலேயே, ஒரு மாத்திரையைச் சேற்று நீரோடு விழுங்கியது.

நீதி: உயிரைக் காத்தவரை ஊர் மறந்துவிடும், இலவசம் என்று சொல்லிவிட்டுக் கொடுக்காதவரை ஒருநாளும் மறக்காது. ஆகவே, காட்டுத்தீயைக் கண்டால் சத்தம் போடாமல் ஓடுங்கள். மாத்திரை அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.