மாட்டின் அறிவு, மூன்று எழுத்து

எந்தச் சொல்லையும் முழுசாக விட்டுவைக்க என்னால் முடியாது. பேருந்து ஜன்னலில் 'காரைக்கால்' என்ற பலகை தெரிந்தால் மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். நான் 'காரை'யை ஒரு பக்கமும் 'கால்' என்பதை ஒரு பக்கமுமாகப் பிரித்து, நடுவில் அநாதையாக நிற்கும் 'க்' எழுத்தை என்ன செய்வது என்று யோசித்தபடி அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடுவேன். (திரும்பி நடந்து வந்திருக்கிறேன். பல தடவை.)

இந்த வியாதிக்குப் பெயர் குறுக்கெழுத்து. நேரடியாகக் கேள்வி கேட்கிற சாதாரண வகை இல்லை. சுற்றி வளைத்துக் கேட்கிற பூடக வகை. உதாரணமாக, 'கடலின் தொடக்கத்தில் வலை போட்டால் மிஞ்சுவது வருத்தம் (3)' என்று ஒரு குறிப்பு. கடல் என்ற சொல்லின் தொடக்கம் 'க'. அதோடு 'வலை' சேர்ந்தால் 'கவலை'. கவலை என்றால் வருத்தம். மூன்று எழுத்து. அவ்வளவுதான். படிக்கும்போது மீனவர் கண்ணீர் தெரியும். பிரித்தால் வெறும் எழுத்துக் கணக்கு. வாட்ஸ்அப் குழு ஒன்றில் அன்றாடம் இப்படிப் பிரித்து மேய்ந்து விளக்கம் எழுதுவது என் வழக்கம். அங்கே என்னை 'சார்' என்று கூப்பிடுவார்கள். உலகில் வேறெங்கும் அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. நான் பாடம் நடத்தும் கல்லூரி உட்பட.

கல்யாணமான புதிதில் என் மாமனார் பசுபதிக்கு என்னைப் பிடிக்காது. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். பேப்பரில் கட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையைப் பெண்ணுக்குக் கட்டிவைத்தது பெரிய பிசகு என்பது அவர் எண்ணம். அந்த வீட்டில் எனக்கிருந்த ஒரே ஆதரவு, நான் அத்தை என்று கூப்பிடும் மாமியார். "பொண்ணுக்குப் புடிச்சிருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று மாமாவோடு மல்லுக்கட்டி இந்தக் கல்யாணத்தை நடத்தியவர் அவர்தான். நான் அவர்கள் ஊரான வரிச்சிக்குடிக்குப் போனால் எனக்காகத் தனியாகக் கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைப்பார். தலைத்துண்டு எனக்கு. மாமாவுக்கு வால்.

அத்தையின் பெயர் கோமதி.

மாமா பணி ஓய்வு பெற்றபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டு விழா வைத்தார்கள். அலுவலகக்காரர்கள், ஊர்க்காரர்கள், விழிதியூரிலிருந்து உறவுக் கூட்டம். "நீங்களும் ஏதாச்சும் செய்யுங்களேன், அப்பாவுக்குப் புடிச்ச மாதிரி" என்றாள் என் மனைவி தேன்மொழி. என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். குறுக்கெழுத்து தயாரித்தேன். ஜெராக்ஸ் எடுத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பது, மேடையில் மைக் பிடித்து ஒவ்வொரு குறிப்பாக விளக்குவது, சரியாகச் சொல்பவருக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு. பரிசு வழங்குபவர், அத்தை.

"ஏடாகூடமா ஒண்ணும் இல்லல்ல?" என்று கேட்டாள் தேன்மொழி.

"ச்சே, கௌரவமான விஷயம்" என்றேன். கேட்டதோடு நிறுத்தாமல் அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்திருக்கலாம். (இதைச் சொன்னால் இன்றும் சண்டை வரும். எனவே மெதுவாகச் சொல்கிறேன்.)

விழா நாளில் மாமாவும் அத்தையும் மாலையோடு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கவலையை விளக்கினேன். கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் பலமாகத் தலையாட்டினார்கள். உற்சாகம் தலைக்கேறியது.

"அடுத்து, மேலிருந்து கீழ். 'மாட்டுக்குக் கணவர், இன்றைய நாயகர். நான்கு எழுத்து.'"

எல்லோரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். யாருக்கும் புரியவில்லை என்று நானே முடிவு செய்து விளக்கத் தொடங்கினேன்.

"மாடுன்னா பசு. கணவன்னா பதி. ரெண்டையும் சேருங்க, பசுபதி! நம்ம மாமா!"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். பிறகு, பந்தலில் இருந்த அத்தனை தலைகளும் மெல்லத் திரும்பி, மாமாவுக்குக் கணவர் என்ற பதவியைக் கொடுத்தவரைப் பார்த்தன.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தட்டிய வேகத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அடுத்த குறிப்பு. இருவர் பெயரிலும் மாடு இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்த பெருமையில், இரண்டு பெயரையும் ஒரே எழுத்தில் முட்டவிட்டு, ஜோடியாக அமைத்திருந்தேன். அதைத் தயாரித்த அன்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

"அடுத்தது வேண்டாம், நாலாவதுக்குப் போவோம்" என்றேன்.

ஆனால் தாள் எல்லோர் கையிலும் இருந்தது. மாமாவின் தம்பி, விழிதியூர்ச் சித்தப்பா, அதுவரை வாழ்நாளில் ஒரு கட்டம் நிரப்பியிராதவர், பேனாவோடு எழுந்து மேடைக்கே வந்துவிட்டார்.

"இருங்க மாப்ள, இது எனக்கு வந்துடும். 'மாட்டின் அறிவு மாமியாருக்கு, மூன்று எழுத்து.' கடைசி எழுத்து தி. பசுபதியிலேந்து கெடைச்சிடுச்சு."

"சித்தப்பா, வேணாம், சாப்பாடு ஆறிப்போவுது..."

"மாடுன்னா கோ. அறிவுன்னா மதி. கோமதி! அட, நம்ம அண்ணி!"

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. முதல் சரியான விடை அல்லவா? பின்வரிசைப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். எல்லாவற்றையும் மீறி ஒரு சிரிப்பு கேட்டது. மாமா. மாலை குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எழுந்துவந்து, கல்யாணத்தன்று கூடக் கை குலுக்காத மனிதர், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, ஒங்கள நான் என்னமோன்னு நெனைச்சேன். நீங்க நம்ம ஆளு!"

அந்தக் கணத்தில் செத்துப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் பரிசு கொடுக்க வேண்டியிருந்தது. அத்தை எழுந்தார். டிபன் பாக்ஸைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பின்னாலேயே ஓடினேன். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தை, நான் அப்படி நினைச்சுச் செய்யல. கோன்னா அரசன்னும் அர்த்தம் இருக்கு. மதின்னா நிலாவும்தான்."

"அப்ப அதப் போட்டிருக்கலாமுல்ல?"

நியாயமான கேள்வி. அரசனும் நிலாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், மாட்டையும் மூளையையும் பொறுக்கி எடுத்தவன் நான். ஜோடிப் பொருத்தத்துக்காக என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அத்தை, அதற்குள் உள்ளே வந்திருந்த தேன்மொழியைப் பார்த்துச் சொன்னார்: "ஒனக்கு அறிவிருக்கா, ஒனக்கு அறிவிருக்கான்னு ஒங்கப்பா இத்தன வருஷமா வாயாலதான் சொன்னாரு. இவரு அச்சடிச்சு ஊருக்கே குடுத்துட்டாரு."

மாமா அப்படிச் சொல்வதை நானும் எத்தனையோ முறை கேட்டிருந்தேன். குழம்பில் உப்புக் குறைந்தால், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், பால்காரர் தாமதமாக வந்தால்கூட. கேட்டுக்கொண்டே அடுத்த கட்டத்தை நிரப்பியிருக்கிறேன்.

அதன்பிறகு அத்தை என்னோடு பேசவில்லை. சோறு போட்டார், குறை வைக்கவில்லை. "தேனு, அவருக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்பார், ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டு. மீன் தலை மாமாவுக்குப் போனது. மாமாவோ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தத் தாளை விரித்துக் காட்டினார். அவர் பிரியம் காட்டக் காட்ட என் நிலைமை மோசமானது. அந்த வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு நாங்கள் வரிச்சிக்குடிக்குப் போகவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். குறுக்கெழுத்துக் குழுவிலிருந்து விலகினேன். செய்தித்தாளில் கட்டம் வரும் பக்கத்தைப் படிக்காமலே மடித்துவைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பக் குழுவில் அத்தையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வழக்கமாகப் பூப்படத்தோடு காலை வணக்கம் மட்டும் அனுப்புகிறவர்.

'தோலில் முளைக்கும். அதோடு நான் பெறாதது. ரெண்டும் சேந்தா எங்க வீட்டு சாப்பாட்டுக்கு வரும் (5).'

அடைப்புக்குறிக்குள் எழுத்து எண்ணிக்கைகூடப் போட்டிருந்தார். இது மன்னிப்பா, மரண தண்டனையா? பேனாவை எடுத்தேன். தோலில் முளைப்பது முடி. இல்லை, பரு. பருவுக்கு அப்புறம்? அத்தை பெறாதது என்ன? பட்டம்? நகை? மரியாதையா? (அதைப் பெறாததற்கு நானும் ஒரு காரணம் ஆயிற்றே.) பருப்பு சாப்பாட்டுக்கு வரும், ஆனால் எழுத்து போதவில்லை. மத்தியானம் வரை தாளைக் கிறுக்கித் தள்ளினேன். ஊருக்கெல்லாம் விளக்கம் எழுதிய சாருக்கு விடை வரவில்லை.

தேன்மொழி எட்டிப் பார்த்தாள். "எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டு பேருமே பொண்ணுங்க. அப்ப எது பெறல?"

"மகன்."

"தோல்ல முளைக்கிறது மரு. சேத்துப் படிங்க."

மருமகன்.

சித்தப்பா அதற்குள் குழுவில் விடையைப் போட்டுவிட்டு, இதற்கும் டிபன் பாக்ஸ் உண்டா என்று கேட்டிருந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் மரு. சித்தப்பா என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துவதே "இவருதான் அண்ணன் வீட்டு மரு" என்றுதான். மச்சினியின் கல்யாணப் பந்தியில் "மருவுக்குப் பாயசம் போடுங்க" என்று யாரோ கத்த, பரிமாறியவர் இலை இலையாக முகத்தில் மரு உள்ள யாரையோ தேடினார். பொறுக்க முடியாமல் ஒருநாள் அத்தையிடமே போய் நின்றேன்.

"அத்தை, மகனையும் சேத்துக் கூப்பிட்டா என்னவாம்?"

அத்தை என் தட்டில் கொடுவா மீனின் தலைத்துண்டை வைத்தார்.

"அஞ்சு எழுத்து நீளமா இருக்கு மாப்ள. ரெண்டு போதும், சாப்புடுங்க."